ராகிக் கொல்லையைச் சுற்றிய கம்பி

அண்ணி,

போன வாரம் குளியலறையில் கீசர் குழாயைத் தொட்டபோது விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது. சந்தேகத்தில் மறுபடி தொட்டேன். மறுபடி சுருக்கென்றது. ஸ்ரீராம்புரத்திலிருந்து வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் சுவிட்ச் பலகையின் மூடியைக் கழற்றியதும், கருகிய பேக்லைட் வாடை மெல்லக் கிளம்பிக் கூடம் வரைக்கும் வந்தது.

"எத்தனை நாளா இப்படி மேடம்?"

"இன்னிக்குத்தான் கவனிச்சேன்."

"நல்லவேளை, கவனிச்சீங்க." கீழே போய் மெயினை அணைத்துவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். வந்தவர் வேலையை ஆரம்பிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பதானே ஆஃப் பண்ணிட்டு வந்தீங்க?"

"நான் ஆஃப் பண்ணேன் மேடம். ஒயருக்கு அது தெரிஞ்சிருக்கணுமே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். அது உங்கள் மோட்டார் கொட்டாயின் வாடை. மூன்று வருடங்களாக நான் கவனமாகத் தள்ளி வைத்திருந்த வாடை.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் திதிக்குக்கூட நான் ஊருக்கு வந்ததில்லை. கல்லூரியில் பரீட்சை வேலை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிடுவேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்கும் உங்களுக்கும் நடுவே மட்டும் ஒன்று நிற்கிறது. அதை நீங்கள் இல்லாத இடத்தில்தான் சொல்ல முடிகிறது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பத்தாம் வகுப்பு. அம்மா அப்பா இருவரும் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். வந்த முதல் மாதமே அடுப்பங்கரை, மாட்டுக்கொட்டாய், அண்ணன் மூன்றையும் உங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். பெங்களூரில் எனக்கு எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தபோது அண்ணன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் பால் கறந்துகொண்டே, மாட்டிடம் சொல்வது போல அவரிடம் சொன்னீர்கள்: "இந்த வீட்டுல ஒருத்தியாவது சாணி அள்ளாம இருக்கட்டும்." அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு 'காலேஜு' என்று பெயர் வைத்தீர்கள். நான் அந்தப் பெயரிலேயே நாற்பது தாண்டினேன்.

ஓசூருக்கு அப்பால், காட்டை ஒட்டி இருக்கும் கொல்லை நிலம் என்றால் இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்கள் உடனே கண்ணை விரித்து "எவ்வளவு அழகாக இருக்கும்" என்பார்கள். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் அந்த ஊரில் யாரும் அழகைப் பார்ப்பதில்லை. காட்டிலிருந்து பன்றி வரும். பிறகு யானை வரும். ஆறு மாதச் சோறு, மாட்டுக்கான வைக்கோல், எல்லாம் ஒரு பொழுதில் மிதிபட்டுக் கிடக்கும். நீங்கள் அதையும் கேலியாக்கி வைத்திருந்தீர்கள். "விருந்தாளிங்க வராங்க, தட்டு எடுத்து வைங்க" என்பீர்கள். தட்டு என்றால் பரிமாறுவதற்கு இல்லை, கரண்டியால் அடித்து விரட்டுவதற்கு.

நான் வனத்துறை படிவங்களை நிரப்பினேன். சூரிய ஒளி வேலி பற்றி ஒரு முழு மதியம் உங்களுக்கு விளக்கினேன். அதில் உயிர் போகாது, அதிர்ச்சி மட்டும்தான், சட்டத்திலும் அனுமதி உண்டு என்றேன். கேட்டு முடித்துவிட்டு நீங்கள் வெற்றிலையைத் துப்பினீர்கள்.

"மேல்கொல்லைக்காரன் போட்டானே, அதே வேலிதானே? யானை ஒரு மரத்த ஒடிச்சு அது மேல போட்டுட்டு, அப்படியே நடந்து வந்துச்சு. உன் காலேஜுல அதுவும் படிச்சிருக்கும் போல."

அதற்கடுத்த வருடம் நான் வந்தபோது கொல்லையைச் சுற்றிக் கம்பி இருந்தது. முழங்கால் உயரத்தில் ஒன்று, நெஞ்சு உயரத்தில் ஒன்று. மோட்டார் கொட்டாயிலிருந்து நேரடி மின்சாரம். நீங்கள்தான் சொன்னீர்கள், என் முகத்தைப் பார்க்காமல்: "பயிரு இருந்தாத்தான் சேகரு இருப்பான். இல்லன்னா அவனும் உங்க ஊருக்கு வந்து பொட்டலம் டெலிவரி பண்ணுவான். வீடுன்னு ஒண்ணு இருக்கணுமா இல்லையா?"

உங்கள் மகன் சேகருக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மருமகள் மீனா ஆறு மாதக் கர்ப்பம். அந்தக் கம்பி யானைக்காக மட்டும் கட்டப்பட்டதில்லை என்று எனக்குப் புரிந்தது. அது வெளியே இருப்பதை உள்ளே விடாமல் தடுத்தது. உள்ளே இருப்பவர்களையும் வெளியே போகாமல் பிடித்து வைத்திருந்தது. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் பாதிப் பேர் கொல்லையில் அப்படிக் கம்பி உண்டு. யாரும் யாரையும் காட்டிக் கொடுப்பதில்லை.

நீங்கள் வைத்திருந்த ஒழுங்கு மட்டும் என்னை ஓரளவு சமாதானப்படுத்தியது. மாலையில் மாடு கட்டி, எல்லாரும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அண்ணன் போய் ஃபியூஸ் கட்டையைச் செருகுவார். மோட்டார் கொட்டாய்க்கு மேலே கம்பத்தில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியும். எரிந்தால் கம்பியில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, வண்டிப் பாதையில் சுற்றிப் போய் அந்தக் கட்டையைப் பிடுங்குவது நீங்கள். பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கிருந்தே குரல் கொடுப்பீர்கள்: "கட்டை என் இடுப்புல! போலாம்!" அந்தக் குரல் வரும் வரை வீட்டில் ஒருவரும் கொல்லைப் பக்கம் கால் வைக்க மாட்டார்கள். பீங்கான் கட்டை அழுத்தி அழுத்தி உங்கள் இடுப்பில் ஒரு தழும்பு இருந்தது. ஒருமுறை எண்ணெய் தேய்க்கும்போது பார்த்தேன்.

முதல் வாரம் ஒரு பன்றி விழுந்தது. பிறகு ஒரு கீரி. பிறகு பக்கத்துக் கொல்லை நாய். நாய்க்கு அண்ணன் குழி தோண்டினார். நீங்கள் மண்ணைத் தள்ளி மூடி, மேலே சாணத்தைக் கரைத்து ஊற்றினீர்கள். அதன் சொந்தக்காரர் மூன்று நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி வழியெல்லாம் தேடினார். நீங்கள் அவருக்கு மோர் கொடுத்து, "எங்கயாவது போயிருக்கும், வந்துடும்ணா" என்றீர்கள். அவர் போன பிறகு அந்தச் சொம்பை நீங்கள் வெகுநேரம் கழுவினீர்கள். விடுமுறைக்கு வந்திருந்த நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பியில் விழுபவை காட்டிலிருந்து வீட்டை நோக்கி நெருங்கிக்கொண்டே வந்ததைக் கணக்கிடத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். புள்ளியியல் கற்பிப்பவள்.

இனி அந்தக் காலை.

ஞாயிற்றுக்கிழமை. பனி மூடியிருந்தது. ஆறு மணி இருக்கும். நான் பின்கட்டுப் படியில் காபித் தம்ளரோடு நின்றிருந்தேன். நீங்கள் கட்டையைப் பிடுங்கக் கிளம்பும் நேரம். அதற்குள் கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மாட்டுக்கொட்டாயைத் தாண்டி ஓடியது. நீங்கள் பின்னாலேயே ஓடினீர்கள். அது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, கதிரை நோக்கிக் கழுத்தை நீட்டியது. நீங்கள் நின்ற இடத்திலிருந்து கம்பத்தைப் பார்க்க முடியாது, மாட்டுக்கொட்டாய்க் கூரை மறைக்கும். திரும்பிப் பார்க்காமலே கத்தினீர்கள்.

"காலேஜு! பல்பு எரியுதா பாரு!"

நான் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன். பனிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

"இல்ல அண்ணி. அணைஞ்சிருக்கு."

அது உண்மை. பல்பு அணைந்துதான் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஊர் முழுக்க மின்சாரம் போயிருந்தது. அடுப்பங்கரை விளக்கு அணைந்ததை நானே பார்த்திருந்தேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் அதைக் கேட்கவில்லை. கன்று கம்பியை முட்டிவிடக் கூடாது என்ற அவசரத்தில், வழி விட்டிருந்த இடத்தில் கம்பியின் கொக்கியைக் கழற்றிக் கீழே இறக்கப் போனீர்கள். உங்கள் கை அதில் இருந்தபோது, எனக்குப் பின்னால் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி ஓடத் தொடங்கியது.

சேகர்தான் வண்டிப் பாதையில் ஓடிப் போய்க் கட்டையைப் பிடுங்கினான். கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு நடந்தவை வேகமாக, யாரோ ஏற்கெனவே ஒத்திகை பார்த்தது போல நடந்தன. அண்ணனும் சேகரும் உங்களைத் தூக்கி மோட்டார் கொட்டாய்க்குள் கிடத்தினார்கள். கம்பி சுருட்டப்பட்டது. ஸ்டார்ட்டர் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றப்பட்டது. உங்கள் ஒற்றைச் செருப்பு மட்டும் வரப்பிலேயே கிடந்தது. எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அதை எடுத்துப் போய்க் கொட்டாய் வாசலில், மற்றதன் பக்கத்தில் ஜோடியாக வைத்தவள் நான்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர், "யாராச்சும் நடந்ததைத் தெளிவா எழுதிக் குடுங்க" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினேன். 'ஈரக் கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டதால்' என்று எழுதினேன். பிழை இல்லாத தமிழ். அவர் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். அண்ணன் சிறைக்குப் போனால் வீடு என்ன ஆகும், பிள்ளைத்தாச்சிப் பெண் என்ன ஆவாள் என்று அப்போது என்னிடம் நியாயம் இருந்தது. அந்த நியாயம் இன்றும் அப்படியே இருக்கிறது. அதுதான் தொந்தரவு.

ஆனால் பல்பைப் பற்றி நீங்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் மூன்று வருடம் எந்தத் தாளிலும் எழுதவில்லை, எந்த மனிதரிடமும் சொல்லவில்லை. இங்கே மின்சாரம் போனால் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். அக்கம்பக்கத்து வீடுகளில் ஜெனரேட்டர் ஓடும், ஆட்கள் நடமாடுவார்கள். கையில் தோசைக்கரண்டி இருந்தாலும் சரி, ஃப்ரிட்ஜ் மறுபடி குலுங்கும் வரை நான் நகர மாட்டேன்.

உங்களுக்குப் பிறகு இரண்டு வருடம் கம்பி இல்லை. இரண்டு வருடமும் ராகி வீடு வந்து சேரவில்லை. பத்து நாளைக்கு முன் மீனா கூப்பிட்டாள். எப்போதும் குழந்தையை நலம் விசாரிக்க வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். அன்று நேராகப் பேசினாள்.

"அத்தை, மாமா திருப்பியும் கம்பி கட்டிட்டாரு."

"சேகர் என்ன சொல்றான்?"

"அவருதான் கம்பி வாங்கினு வந்தாரு. அது இருக்கட்டும். நேத்து மதியம் மாமா சட்டைப் பையில கட்டையத் தேடிக்கினு இருந்தாரு. காலையில பிடுங்கி வெச்சேனே, காணமேன்னு. நான் போய்ப் பாத்தா அது கொட்டாயிலயே செருகி இருக்குது. பிடுங்கவே இல்ல. பாப்பா காலையில இருந்து கொல்லை ஓரத்துலதான் வெளையாடிக்கினு இருந்தா."

நீங்கள் பார்க்காத உங்கள் பேத்தி அவள். மூன்று வயது. நடப்பதே இல்லை, ஓட்டம்தான். உங்கள் நெற்றி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு அவர் அதிகமாகவே தளர்ந்திருக்கிறார். முன்னுரை எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"அண்ணா, அன்னிக்கு அண்ணி என்கிட்ட கேட்டாங்க. பல்பு எரியுதான்னு. நான்தான் அணைஞ்சிருக்குன்னு சொன்னேன்."

அவர் கை தொட்டிக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. "தெரியும்."

"எப்படி?"

"நான் மாட்டுக்கொட்டாய்லதான இருந்தேன். காதுல வுழுந்துச்சு."

"மூணு வருஷமா ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீ என்ன பொய்யா சொன்ன? பல்பு எரியலதான்." கையை உதறினார். "கரண்ட்டு போனதுதான்னு எனக்கும் தெரியும். நானும்தான் வாயத் தொறக்கல. யார யார் கேக்கறது?"

அந்த ஒரு கணம் எனக்குப் பாரம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. பாரத்தைத் தூக்க இன்னொருவர் இருந்தார் என்று தெரிந்தபோது, அது நான் நினைத்ததைவிடப் பெரியது என்றுதான் தெரிந்தது. நம் மூவரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது அண்ணி. உங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

"அப்படின்னா அந்தக் கம்பிய எடுத்துடுண்ணா."

"அதான் பல்பக் கழட்டிட்டேனே" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வது போல. "அது இருந்ததாலதான அந்த வெனை. இப்ப யாரும் பாக்கத் தேவையில்ல, கேக்கத் தேவையில்ல. எப்பவும் கரண்ட்டு இருக்குதுன்னே நெனச்சுக்கணும்."

"மூணு வயசுக் குழந்தை எப்படிண்ணா நெனச்சுக்கும்?"

அவர் கம்பத்தைப் பார்த்தார். பல்பு இருந்த இடத்தில் இரண்டு ஒயர் முனைகளில் டேப் சுற்றியிருந்தது. "கம்பிய எடுத்தா நாளைக்கே சேகரு பொட்டியத் தூக்கிடுவான். நீ வந்து மாடு கட்டறியா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கயாச்சும் எழுதிப் போடலாம்னு நெனைக்காத. மொதல்ல எழுதிக் குடுத்தது உன் கையெழுத்து. மாத்திச் சொன்னா உன்னையும் கூப்புடுவாங்க."

மிரட்டல் இல்லை அது. தங்கைக்காக நிஜமாகவே கவலைப்பட்டார்.

மீனாவிடம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னேன். "அறுப்பு முடியட்டும் அத்தை, பத்து நாள்தான்" என்றாள். அவள் கண் கொல்லைப் பக்கம் போய்த் திரும்பியது. இந்த வருடம் கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறது. அவள் குரலில் உங்கள் குரலைக் கேட்டேன். அந்த நேரம் எனக்கு அது பிடிக்கவில்லை.

பெங்களூருக்குத் திரும்பியதும் நம் ஊர் மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "எழுத்துல குடுங்கம்மா, பேரு கையெழுத்தோட. சும்மா வாய்ல சொன்னதுக்குப் போய் கம்பிய அவுத்தா எங்களத்தான் அடிக்க வராங்க" என்றார் எடுத்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்து எழுதினேன். மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்று முதல் பத்தியில் எழுதினேன். இரண்டாவது பத்தியில் நீங்கள் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் எழுதினேன். மூன்றாவதில், அதே கொல்லையில் மறுபடி கம்பி கட்டியிருப்பதை எழுதினேன். நேற்று முன்தினம் மல்லேஸ்வரம் தபால் ஆபீஸில் பதிவுத் தபாலாகப் போட்டேன். ஒன்று மின்சார அலுவலகத்துக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு. அண்ணன் வீட்டில் இனி எனக்குக் கதவு திறக்காது. வேறு எங்கெல்லாம் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. வேலை போகலாம். அண்ணன் உள்ளே போகலாம். சேகர் நீங்கள் பயந்தபடியே கிளம்பிவிடலாம். நீங்கள் கட்டிக் காத்ததை நான்தான் கலைக்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தபால் போய்ச் சேரும் வரை என்ன செய்வதென்று தெரியாமல், தினமும் காலை ஆறு மணிக்கு மீனாவைக் கூப்பிடுகிறேன். இன்று காலை போனை எடுத்தது குழந்தை. பின்னால் குருவிச் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் அவ்வளவு கேட்காது.

"எங்க கண்ணு இருக்கே?"

"கொல்லையில."

"அம்மா?"

"மாடு." பிறகு அவளாகவே, "அங்க பூச்சி இருக்குது" என்றாள்.

"எங்க?"

"கம்பியில."

"நில்லு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அங்கயே நில்லு. நகராத."

"ஏன்?"

"எனக்குத் தெரியல கண்ணு. தெரியாததாலதான் சொல்றேன். நின்னுக்கினே எங்கிட்ட பேசு."

பேசினாள். பூச்சியின் நிறத்தைச் சொன்னாள். கன்றுக்குட்டியின் பெயரைச் சொன்னாள். பெயர் தெரியாதவற்றுக்கெல்லாம் பெயர் வைத்துச் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மீனா மூச்சிரைக்க ஓடி வந்து போனைப் பிடுங்கும் வரை அவள் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு சொல்தான் அண்ணி. நின்றிருப்பீர்கள். என் பேச்சை நீங்கள் எப்போதும் கேட்டீர்கள்.

தபால் இன்னும் போய்ச் சேரவில்லை. அறுப்பு முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்று மீனா சொன்னாள். நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடுவேன்.

உங்கள்
காலேஜு